ஔவை இல்லம் கண்ட அன்னை

தோட்ட லயங்களில் தாய் தந்தையர் மறைந்தால், அடுத்த வீட்டாரே அப்பிள்ளையைத் தம் பிள்ளையாக எடுத்து வளர்த்ததை உங்கள் பாட்டிமார் அறிவர். அவ்வாறு எடுப்பார் இல்லாத சிறுமியர்க்குத் தாயாய் நின்றவர் மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார். தாயார் சந்திரம்மாள், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி நேர்ந்துவிடும் மரபில் தோன்றியவர். பிறப்பைச் சுட்டிப் பேசும் ஊராரின் சொல் எத்தகையது என்பதை அம்மையார் இளமையிலேயே அறிந்திருந்தார். ஆடவர் பயின்ற கல்லூரியில் இவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது, மன்னர் இசைவளித்தார். 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டமன்றத்துள் நுழைந்த முதற்பெண்மணியாகி, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார்.

சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. குழந்தைகளோ அதுவரை காத்திருக்க இயலுமா? 1930ஆம் ஆண்டளவில் அவ்வழக்கத்தினின்று தப்பிய சிறுமியர் மூவர் அம்மையாரின் இல்லத்தை நாடி வந்தனர். பிறந்த குலத்தைக் காட்டி மாணவியர் விடுதியில் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. அம்மையார் வாதிட்டு நிற்கவில்லை. தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். அதுவே ஔவை இல்லத்தின் தொடக்கம். யார் பெற்ற பிள்ளை என்று பாராமல், ஆதரவற்ற சிறுமியர் பலர் அங்கே உண்டனர், உறங்கினர், கற்றனர்.

ஈண்டு எம் பிழை ஒன்றையும் கூற வேண்டும். கெலுகோரில் நாம் பணியேற்ற புதிதில், பரிசளிப்பு விழாவிற்குப் பெற்றோருடன் வருக என்று எல்லா மாணவர்க்கும் அழைப்பு விடுத்தோம். காப்பகத்திலிருந்து வந்து பயின்ற சிறுவன் ஒருவன், பரிசுக்குரியவனாயிருந்தும், மேடைக்கு வரவில்லை. நூலக அலமாரியின் பின்னே அமர்ந்திருந்தான். அவனுக்கு உணவும் உடையும் குறைவின்றிக் கிடைத்தன; குறை எம் அழைப்பிதழில் இருந்தது. மறு ஆண்டு முதல் குடும்பத்தாருடன் வருக என்றே அச்சிட்டோம். அவன் காப்பகத்துச் சமையற்கார அம்மாவை அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்தினான்.

அம்மையாரின் தங்கை ஒருவரைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. அத்துயரமே 1954இல் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையாக வளர்ந்தது. 1956இல் இந்திய அரசு பத்மபூசண் விருதளித்தது. 1968ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள், எண்பத்திரண்டு வயது நிறைய எட்டு நாள் இருக்கையில், அம்மையார் மறைந்தார். ஔவை இல்லம் இன்றும் அடையாற்றில் சிறுமியர்க்குக் கதவு திறந்து வைத்திருக்கிறது.