அஜினமோட்டோவுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? யார் இந்த கிகுனே இகேடா?

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் கடைகள் ஷட்டரை இறக்கும் நேரத்தில் ஃபாஸ்ட்ஃபுட் வண்டிகளில் அடுப்பு பத்திக்கும். ஃப்ரைடு ரைஸ் கேட்பவர்களில் சிலர், அஜினமோட்டோ வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். மூளைக்குக் கெடுதல்னு ஒரு பயம். அந்த வெள்ளைப் பொடியைத் தந்தவர் ஜப்பான் வேதியியல் பேராசிரியர் கிகுனே இகேடா.

1864ல் கியோட்டோவில், சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர். டோக்கியோவில் வேதியியல் படித்தார். 1899ல் ஜெர்மனியின் லீப்சிக் நகரில் ஆஸ்ட்வால்டிடம் ஆய்வு செய்யப் போனார். திரும்பி வந்ததும் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை.

ஜப்பானியர் சூப்புக்குப் போடும் கடல்பாசியின் பெயர் கொம்பு (நம்ம ஊர் கொம்பு இல்லைங்க!). அதில் வரும் ருசி இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை, உப்பும் கசப்பும் இல்லை. அப்போ அது என்ன? 1908ல் சுமார் 12 கிலோ கொம்பைக் காய்ச்சி, வடித்து, கடைசியில் அவர் எடுத்தது வெறும் 30 கிராம் குளுட்டாமிக் அமிலம்தான். 1866லேயே ஜெர்மானியர் ஒருவர் கோதுமையிலிருந்து பிரித்த பொருள்தான் அது. ஆனால் ருசியே அதுதான் என்று பிடித்தவர் இகேடா. அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். காப்புரிமை வாங்கி, தொழிலதிபர் சுசுகியோடு சேர, 1909ல் அஜினமோட்டோ விற்பனைக்கு வந்தது. 1936ல் இகேடா காலமானார்.

அதே குளுட்டமேட் மூளை செல்கள் பேசிக்கொள்ளும் முக்கிய ரசாயனம் என்பது அவருக்குத் தெரியாது. 1954ல் ஜப்பானின் ஹயாஷி, அதை மூளையில் நேரடியாகச் செலுத்தினால் வலிப்பு வருவதைக் காட்டினார். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒன்று என்எம்டிஏ. நாலு துண்டுகள் சேர்ந்த புரதக் கதவு. அதில் க்ளூஎன்1 என்ற துண்டு இல்லாமல் கதவே அமையாது. கதவு திறந்தால் கால்சியம் உள்ளே போகும். நினைவு பதிய இது வேண்டும். அளவு மீறினால் செல் செத்துப்போகும். க்ளூஎன்1 மரபணுவை 1991ல் படித்தெடுத்ததும் கியோட்டோவில்தான், இகேடா பிறந்த ஊரில்!

அப்போ பயம் சரிதானே? 1969ல் பிறந்த எலிக்குட்டிகளுக்குத் தோலடியில் பெரிய அளவு ஊசி போட்டபோது மூளை செல்கள் செத்தன. பயத்தைக் கிளப்பியது இதுதான். ஆனால் தட்டில் விழும் குளுட்டமேட் பெரும்பாலும் குடலிலேயே எரிந்துவிடுகிறது. மிச்சத்தை ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு நிறுத்துகிறது. தக்காளியிலும் தாய்ப்பாலிலும்கூட குளுட்டமேட் இருக்கே!

ஆனால் இதில் சோடியம் உண்டு. பிபி இருப்பவர்கள் உப்போடு சேர்த்துக் கணக்கு பார்க்கணும். 12 மாதத்துக்குக் குறைவான குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று இந்தியாவில் பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும். தள்ளுவண்டி தட்டில் அந்த அச்சு இருக்காது என்பதால், கைக்குழந்தைக்கு ஊட்டுபவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.