புண் தீர்த்த பேரறிஞர் லிஸ்டர்

வயிற்றைக் கீறி நோய் களைதல் இக்காலத்தில் எங்கும் நிகழ்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலோ, வயிற்றிற் கத்தி வைத்தல் கூற்றுவனை வலிய அழைப்பதாகவே கருதப்பட்டது. 1846 ஆம் ஆண்டில் ஈதர் என்னும் மயக்க மருந்து வழக்கிற்கு வந்து அறுவையின் நோவை அகற்றியது. ஆயினும், தைத்த வாய் கூடாமற் சீழ் கொள்வதையும், அதன் நஞ்சு குருதியிற் கலந்து உயிர் குடிப்பதையும் அது தடுக்கவில்லை. புண்ணிற் சீழ் பிடித்தல் இயற்கையே என்று மருத்துவர் பலர் அமைந்திருந்தனர். அவ்வாறு அமையாதவர் ஜோசப் லிஸ்டர்.

இவர் 1827 ஆம் ஆண்டு ஏப்பிரல் 5 ஆம் நாள் இங்கிலாந்தில் அப்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மது வாணிகர். எனினும், நுண்பெருக்கிக் கண்ணாடியைத் திருத்தியமைத்துப் புகழ் பெற்றவர். கட்புலனாகாதவற்றைத் தேடிக் காணும் வேட்கை மைந்தருக்கு அவர் வைத்த செல்வம் எனலாம்.

லிஸ்டர் இலண்டனில் மருத்துவம் பயின்ற நாளில், 1851 ஆம் ஆண்டில், கணவனாற் குத்துண்டு குடல் வெளிப்பட்ட பெண்ணொருத்தியைக் கொணர்ந்தனர். அவர் அக்குடலை இளவெந்நீராற் கழுவி, கிழிந்த இடத்தைப் பட்டிழையால் தைத்து உள்ளே அமைத்தார். அவள் பிழைத்தாள். திறமையோடு நற்பேறும் துணை நின்றது என்றே கொள்ளல் வேண்டும். அத்தகைய காயமுற்றோர் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

1860 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரிற் பேராசிரியரானார். பொருள்கள் அழுகுதற்குக் காரணம் நுண்ணுயிர்களே எனப் பிரான்சு நாட்டுப் பாஸ்டர் கண்ட உண்மையை 1865 ஆம் ஆண்டளவில் அறிந்தார். புண்ணும் அவ்வாறே அழுகுவதாயின் அந்நுண்ணுயிர்களை அழித்தல் வேண்டுமன்றோ? சாக்கடை நாற்றம் போக்கப் பயன்பட்ட கார்பாலிக் அமிலத்தை அதற்குத் தேர்ந்தார். வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த பதினொரு வயதுச் சிறுவனின் புண்ணை அதில் தோய்த்த துணியாற் கட்ட, அது சீழின்றி ஆறியது. உறுப்பு நீக்கப்பட்ட 35 பேருள் 16 பேர் முன்பு இறந்தனர். இம்முறை வந்தபின் 40 பேருள் அறுவரே இறந்தனர்.

எஞ்சிய இடர் தைக்கும் இழையில் இருந்தது. குருதிக் குழாயைக் கட்டிய பட்டிழையின் நுனியை வெளியே தொங்கவிட்டு, அழுகித் தளர்ந்தபின் இழுத்தெடுப்பது அக்கால வழக்கம். அவ்விழையே சீழுக்கு வழியாயிற்று. உள்ளே விட்டு மூடினாலோ, பட்டு கரையாது. அதனைச் சுற்றிக் கட்டி உண்டாதலும் உண்டு. எனவே, ஆட்டுக் குடலால் திரித்த நரம்பைக் கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்து, 1868 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கன்றின் கழுத்துக் குழாயைக் கட்டினார். ஒரு திங்கள் கழித்துப் பார்க்கையில், நரம்பு இருந்த இடத்தில் உயிருள்ள தசை வளர்ந்திருந்தது. ஆனால், இந்நரம்பு விரைவில் இளகி முடிச்சு நெகிழ்வதும் உண்டு. வயிற்றுத் தையல் கூடுமுன் நெகிழ்ந்தால் குடல் வெளிப்படும். ஆதலின், குரோமிக் அமிலத்தால் அதனை உறுதியாக்கும் வகையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார்.

காற்றிலுள்ள நுண்ணுயிரை ஒழிக்க அவர் அமைத்த கார்பாலிக் தூவானம் மருத்துவர் கைகளையே புண்ணாக்கியது. கையும் கருவியும் இழையும் தூயனவாயின் அது வேண்டா எனத் தெளிந்து, 1890 ஆம் ஆண்டில் பெர்லின் நகரப் பேரவையில், தூவானத்தைப் பரிந்துரைத்தமைக்கு வெளிப்படையாக வருந்தினார். புகழின் உச்சியில் நின்று இவ்வாறு கூறுதல் அரிது.

1902 ஆம் ஆண்டில், முடிசூட்டு விழாவிற்கு இரு நாள் முன்னர், ஏழாம் எட்வர்டு மன்னர் வயிற்றிற் சீழ்க்கட்டியால் நலிந்தார். முதியவர் லிஸ்டரையும் கலந்தே திரீவ்ஸ் என்பார் வயிற்றைக் கீறிச் சீழை வெளியேற்றினார். புண் ஆறி, ஆகஸ்டுத் திங்கள் மன்னர் முடி சூடினார். லிஸ்டர் 1912 ஆம் ஆண்டு பிப்ரவரி 10 ஆம் நாள் உயிர் நீத்தார்.