நூலகர் ரங்கநாதன்

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில் நூல் நிலையத்துக்குள் நுழைந்து, அலமாரிகளுக்கிடையே திகைத்து நின்றிராத மாணவர் நம்முள் எவர்? அந்நேரம் எழுந்து வந்து, என்ன தேடுகிறோம் என்று விசாரித்து, உரிய நூலிடம் நம்மை அழைத்துச் செல்லும் நூலகர் வாய்த்துவிட்டால் அது பெரும் பாக்கியம். அப்படி எழுந்து வருவதே நூலகரின் தலையாய கடமை என இந்நாட்டில் நிலைநாட்டியவர் ஒரு தமிழர். முதலில் அந்த வேலையை விட்டே ஓடிவிடத் துடித்தவரும் அவர்தாம்!

ரங்கநாதன் 1892-இல் தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். திக்குவாய் வேறு அவரை வருத்தியது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் எட்வர்டு ராஸ் என்னும் பேராசிரியரிடம் கணிதம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், பின்னர் சென்னை மாநிலக் கல்லூரி ஆகிய இடங்களில் கணிதம் போதித்தார்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகரானார். அவரை அங்கே இழுத்தது நூற்காதல் அன்று, சம்பளம். ஆசிரியர் ஊதியம் சொற்பமாயிருந்ததால் நண்பர்கள் வற்புறுத்தி மனுப் போடச் செய்தனர். வகுப்பறையின் கலகலப்பு எங்கே, இந்த ஓசையற்ற தனிமை எங்கே! சில நாட்களிலேயே பழைய கல்லூரி முதல்வரிடம் ஓடி, திரும்பச் சேர்த்துக்கொள்ளுமாறு மன்றாடினார். முதலில் இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வரட்டும், அதன் பின்னும் மனம் மாறாவிட்டால் பார்க்கலாம் என்றார் முதல்வர்.

மனம் மாறிற்று. லண்டனில் பயின்றதோடு, நூறுக்கு மேற்பட்ட நூல் நிலையங்களையும் அவர் சுற்றிப் பார்த்தார். தொழிலாளரும் குழந்தைகளும்கூட அங்கே உரிமையோடு நுழைவதைக் கண்டார். ஒரு நாள் செல்ஃப்ரிட்ஜஸ் அங்காடியில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே சில தகடுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பொருத்தினால் விதவிதமான பொம்மைகள்! நூல்களையும் ஏன் இப்படிப் பகுக்கக் கூடாது? நுரையீரற் காசத்துக்கு எக்ஸ்ரே சிகிச்சை என்றொரு நூல் இருந்தால், உறுப்புக்கு ஒரு குறி, நோய்க்கு ஒரு குறி, சிகிச்சைக்கு ஒரு குறி. அவற்றைப் பிணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளி. இதுவே 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. நூலின் பெயர் தெரியாத மாணவனும், விஷயம் தெரிந்தால் உரிய தட்டின் முன் போய் நிற்கலாம்.

1925-இல் சென்னை திரும்பியவர் கல்லூரிப் பக்கம் தலைவைக்கவில்லை. வாசகர்கள் தாமே அலமாரியிடம் சென்று நூலெடுக்க வழிசெய்தார். நேரத்தை நீட்டித்தார். தேடுவோர்க்கு உதவுவதையே தனிப் பணியாக்கினார். ஆனாலும் இத்தனை காரியங்களுக்கும் அடிப்படையான விதி எது என்ற கேள்வி அந்தக் கணித மூளையைக் குடைந்துகொண்டே இருந்தது. 1928-இல் ஒரு மாலை தம் பழைய ஆசிரியர் ராஸ் வந்தபோது அதை அவரிடம் சொன்னார். நூல் பயன்படுவதற்கே என்பதுதானே உமது முதல் விதி என்று ராஸ் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். முடிச்சு அவிழ்ந்தது. ஒவ்வொரு வாசகர்க்கும் அவர் நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர், வாசகரின் நேரத்தைக் காத்தல், வளரும் உயிராக நூலகத்தைக் கருதுதல் என மற்ற நான்கும் பின்தொடர்ந்தன. 1931-இல் அவை நூலாயின.

இருபது ஆண்டுகள் விடுமுறையின்றி உழைத்தார். திருமணத்தன்றுகூடச் சடங்கு முடிந்ததும் நூல் நிலையத்துக்குத் திரும்பிவிட்டாராம். சாரதா அம்மையார் என்ன நினைத்தாரோ!

1945-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் அழைப்பின்பேரில் காசி இந்துப் பல்கலைக் கழகம் சென்று, ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களைப் பகுத்து அடுக்கினார். 1947-இல் தில்லிப் பல்கலைக் கழகம் வந்து 1954 வரை இருந்தார். 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னிருந்த நெடுநாள் முயற்சியும் அவருடையதே. 1972-இல் பெங்களூரில் காலமானார்.

எளிமையாக வாழ்ந்து சேர்த்த பணத்தில் ஒரு லட்சம் ரூபாயை, நூலகவியலுக்குப் பேராசிரியர் பதவி ஒன்று ஏற்படுத்தச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கே அவர் கொடுத்துவிட்டார். அப்பதவிக்குத் தம் பெயரை மட்டும் இடாமல், சாரதா ரங்கநாதன் என மனைவியின் பெயரையும் சேர்த்தே வைத்தார்.