மதுரைக்காரரிடம் ஒரு டவுட்

மூன்றாவது செமஸ்டர் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கா? நாண்ட் கேட் ஐசியை பிரெட்போர்டில் குத்தி வைத்துவிட்டு, எல்இடி ஏன் எரியவில்லை என்று முழித்துக்கொண்டிருந்த அந்த மதியம்? ரெக்கார்டு நோட்டில் ஒரு பெயர் எழுதியிருப்பீர்கள்: டி மார்கன். இரண்டு வரித் தேற்றம், ஒரு ட்ரூத் டேபிள், கீழே சார் கையெழுத்து. அதோடு அவரை மறந்துவிட்டோம்.

அந்த அகஸ்டஸ் டி மார்கன் பிறந்தது நம்ம மதுரையில். 1806 ஜூன் 27. அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. ஊர்ப் பெருமை பேச இதைச் சொல்லவில்லை. ஏழு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டது, மதுரையில் ஒரு தெருகூட அவருக்கு நினைவிருந்திருக்காது. நான் எழுத வந்த காரணம் வேற. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு எரர் மெசேஜை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத யாரிடமோ உதவி கேட்கிறோமே, அந்த வேலை கம்ப்யூட்டர் வருவதற்கு நூறு வருடம் முன்பே தபாலில் நடந்திருக்கிறது. அந்தத் தபாலின் மறுமுனையில் உட்கார்ந்து பதில் எழுதியவர் இவர்.

முதல் வருடத்தில் நான் கேட்ட முதல் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். சி புரோகிராமை மொபைலில் போட்டோ எடுத்துப் போட்டு, ஓடவில்லை, அவசரம் என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் கேள்வியை மூடிவிட்டார்கள். நீ என்ன முயற்சி செய்தாய் என்று ஒருவர் கேட்டிருந்தார். செம கோபம். அதற்கப்புறம் இரண்டு வருடம் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டி மார்கன் கதையைப் படித்தபோதுதான் தப்பு இரண்டு பக்கமும் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பிறந்த கொஞ்ச நாளிலேயே அவருக்கு வலது கண் பார்வை போய்விட்டது. பள்ளியில் அதை வைத்தே சீண்டியிருக்கிறார்கள். பார்வை இல்லாத பக்கமாக ஒரு பையன் வந்து, கத்தி முனையைக் கன்னத்தருகே நீட்டிக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுவானாம், இவர் திரும்பினால் முகத்தில் குத்தும். ஒருநாள் அவனைப் பிடித்து நன்றாகக் கொடுத்ததாக, பின்னாளில் மனைவி சோஃபியா எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது.

1823-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி. 1827 தேர்வில் நான்காம் இடம். முதல் இடத்துக்கு வேண்டிய மூளை இருந்தும், சிலபஸைத் தாண்டிப் படித்துக்கொண்டே இருந்ததால் ரேங்க் போனது என்று பேச்சு. மேற்கொண்டு பட்டம் வாங்க வேண்டுமென்றால் இன்ன மதக் கொள்கையை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். மாட்டேன் என்றார். கேம்பிரிட்ஜ் கதவு அதோடு மூடியது. அடுத்த வருடமே, மதச் சோதனை எதுவும் இல்லாமல் லண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் முதல் கணிதப் பேராசிரியர் ஆனார். வயசு 21! நம்ம ஃபைனல் இயர் சீனியர் வயசு.

வகுப்பு முடியும்போது சில கணக்குகளைக் கொடுப்பார். மாணவர்கள் போட்டுக் கொடுத்தால், அடுத்த வகுப்புக்குள் பார்த்துத் திருத்தித் திருப்பிவிடுவார். அடுத்த வகுப்புக்குள்! நாம் கொடுத்த அசைன்மென்ட் எங்கே போனது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். பரீட்சைக்காக மனப்பாடம் செய்வதை அவர் அறவே வெறுத்தார். வெளியே, சாதாரண மக்களுக்காக மலிவு விலையில் வந்த பென்னி சைக்ளோபீடியாவுக்கு 700-க்கும் மேல் கட்டுரைகள் எழுதினார். நீங்கள் பிளஸ் ஒன்னில் படித்த கணிதத் தொகுத்தறிதல் இருக்கிறதே, அதன் ஆங்கிலப் பெயர் நிலைத்தது 1838-ல் அவர் அங்கே எழுதிய ஒரு கட்டுரையால்தான்.

இப்போது தபாலுக்கு வருவோம். 1840. ஏடா லவ்லேஸுக்கு வயது 24. கவிஞர் பைரனின் மகள், மூன்று குழந்தைகளின் அம்மா. உலகின் முதல் புரோகிராமர் என்று வினாடி வினாவில் டிக் அடிக்கிறோமே, அவரேதான். அந்தக் காலத்தில் எந்த இங்கிலாந்துப் பல்கலைக்கழகமும் பெண்களைச் சேர்க்காது. கால்குலஸ் படிக்க வேண்டும் என்றால் யாராவது தெரிந்தவர் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. டி மார்கன் மனைவி சோஃபியாவுக்கு ஏடாவைச் சிறுவயது முதல் தெரியும். அந்த வழியாகத்தான் கடிதப் போக்குவரத்து ஆரம்பித்தது, பெரும்பாலும் 1840-லும் 1841-லும். அறுபதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன.

ஏடா எப்படிக் கேட்டார் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். டி மார்கனின் கால்குலஸ் புத்தகம் அப்போது பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்தது. இன்ன பக்கம், இன்ன வரி என்று முதலில் சொல்லிவிடுவார். பிறகு தான் போட்ட கணக்கை அப்படியே எழுதுவார். எந்த இடத்தில் புத்தகத்தின் விடை வேறு, தன் விடை வேறு என்று காட்டுவார். அதற்கப்புறம்தான் கேள்வி. அடிப்படை அல்ஜீப்ராவில் தடுக்கி விழுந்ததையும் மறைக்க மாட்டார். சார்புச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டியபோது, பிடித்துவிட்டோம் என்று நினைத்தால் கொள்ளிவாய்ப் பிசாசு மாதிரி நழுவிவிடுகின்றன என்று புலம்பியிருக்கிறார். பாயின்டர் படித்த நாட்களில் எனக்கும் அதே கதிதான்!

சில கேள்விகள் வேற லெவல். கலப்பெண்களை ஒரு தளத்தில் வரைய முடிகிறதே, அதே மாதிரி அல்ஜீப்ரா முப்பரிமாணத்துக்கும் நீளாதா, அதைத் தாண்டியும் போகாதா என்று கேட்டார். டப்ளினில் வில்லியம் ரோவன் ஹாமில்டன் குவாட்டர்னியன்களைக் கண்டுபிடித்தது அதற்குப் பிறகு, 1843-ல். இன்று கேம் கிராஃபிக்ஸில் ஒரு பொருளைச் சுழற்றுவதற்கு நீங்கள் கூப்பிடும் ஃபங்ஷனுக்குள் இருப்பது அதுதான். ஏடா அதைக் கண்டுபிடித்தார் என்று அர்த்தமில்லை. கேள்வி சரியான திசையில் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

டி மார்கனின் பதில்கள் அலங்காரம் இல்லாதவை. எந்த வரியில் சறுக்கியது, அடுத்து எந்தப் பக்கம் படிக்க வேண்டும், எதை இப்போதைக்கு விட்டுவிட வேண்டும். அவசரப்படும்போது பிரேக் போடுவார். முட்டாள்தனமான கேள்வி என்று ஒதுக்கவும் மாட்டார், பெரிய இடத்துப் பெண் என்று தடவிக்கொடுக்கவும் மாட்டார்.

அந்தப் பயிற்சி 1843-ல் வேலைக்கு வந்தது. சார்லஸ் பாபேஜின் அனலிட்டிக்கல் எஞ்சின் பற்றி மெனப்ரியா பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை ஏடா மொழிபெயர்த்து, கட்டுரையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளத்துக்குக் குறிப்புகள் சேர்த்தார். கடைசிக் குறிப்பில் பெர்னோலி எண்களைக் கணக்கிட, இயந்திரம் செய்ய வேண்டிய செயல்கள் படிப்படியாக அட்டவணையாக இருக்கின்றன. அதற்கான அல்ஜீப்ராவைப் பாபேஜ் போட்டுக் கொடுத்தாராம். அதில் ஒரு பெரிய பிழையை ஏடா பிடித்துத் திருப்பி அனுப்பினார் என்று பாபேஜே பின்னால் எழுதியிருக்கிறார். சீனியர் எழுதிய கோடை ஜூனியர் ரிவ்யூ செய்து ரிஜெக்ட் பண்ணின முதல் சம்பவம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அச்சான அட்டவணையிலும் ஒரு பிழை தங்கிவிட்டது. நான்காவது படியில் எதை எதால் வகுப்பது என்பது தலைகீழாக இருக்கிறது. உலகின் முதல் புரோகிராம், கூடவே முதல் பக்! ஓட்டிப் பார்க்க மெஷின் இல்லாததால் அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு உறுத்துகிற இடம் அடுத்து வருகிறது. 1844 ஜனவரியில் டி மார்கன் ஏடாவின் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜ் போகப்போகும் ஒரு பையனிடம் இதே திறமையைப் பார்த்திருந்தால், அவனுக்கு முதல் ரேங்க் வாய்ப்பு குறையும், ஆனால் சொந்தமாகக் கண்டுபிடிக்கும் கணிதவியலாளனாக, ஒருவேளை முதல் வரிசையிலேயே, வருவான் என்று சொல்லியிருப்பேன் என்பது அதன் சாரம். அடிப்படைகளில் உண்மையான சிக்கல் எங்கே என்று கண்டுபிடித்துக் கேட்கிறார் என்பதுதான் காரணம். ஆனால் இந்தக் கருத்தை ஏடாவிடம் அவர் முழுசாகச் சொன்னதே இல்லை. சொன்னால் இன்னும் கடுமையாக உழைப்பார், பெண் உடம்பு அதைத் தாங்காது என்ற பயம். அந்தக் காலத்துப் படித்த ஆண்கள் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். சின்னச் சின்ன சந்தேகத்துக்கெல்லாம் பதில் எழுதிய மனிதர், உன்னால் முடியும் என்ற பதிலை மட்டும் எழுதவில்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அதனால்தான் இன்னும் வலிக்கிறது. ஏடா 1852 நவம்பரில் 36 வயதில் இறந்தார்.

அதே வருடம் அக்டோபர் 23. டி மார்கனின் வகுப்பில் ஃபிரெடரிக் கத்ரி என்ற மாணவர் ஒரு டவுட் கேட்டார். உண்மையில் அவர் அண்ணன் ஃபிரான்சிஸின் டவுட். எந்த வரைபடமாக இருந்தாலும், பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்கு ஒரே நிறம் வராமல் தீட்ட நான்கு நிறம் போதுமா? ஏன்? டி மார்கனுக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி சமாளிக்கவும் இல்லை. அன்றைக்கே டப்ளினில் இருந்த ஹாமில்டனுக்குக் கடிதம் எழுதினார். கேட்டது என் மாணவன், நான் இதுவரை யோசித்தது இவ்வளவு, நான்கு நிறம் தேவைப்படும் படம் இது, ஐந்து தேவைப்படும் படம் எனக்குக் கிடைக்கவில்லை என்று. சுலபமான உதாரணம் ஒன்றைக் காட்டி நீங்கள் என்னை மடையனாக்கிவிட்டால், விடுகதையில் தோற்ற ஸ்பிங்ஸ் செய்ததைத்தான் நானும் செய்ய வேண்டும் என்று ஒரு ஜோக் வேறு. ஸ்பிங்ஸ் பாறையிலிருந்து குதித்துச் செத்தது! 46 வயதுப் பேராசிரியருக்கும் கேள்வியை அனுப்பும் நேரத்தில் அதே படபடப்பு.

மூன்றே நாளில் ஹாமில்டன் பதில் போட்டார். இப்போதைக்கு இதில் இறங்கப்போவதில்லை என்று. அதோடு விடாமல் டி மார்கன் மற்றவர்களிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் வந்தது 1976-ல். ஆப்பலும் ஹேக்கனும் கம்ப்யூட்டரை ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓட்டி நிரூபித்தார்கள். 124 வருடம் கழித்து ரிப்ளை!

ஜார்ஜ் பூல் கதை தனியாக எழுத வேண்டியது. கல்லூரிப் படிப்பே இல்லாத லிங்கன் ஊர்ப் பள்ளி ஆசிரியர், 1843-ல் நீளமான ஒரு ஆய்வுக் கட்டுரையை வைத்துக்கொண்டு யோசனை கேட்டார். ராயல் சொசைட்டிக்கு அனுப்பு என்றார் டி மார்கன். அடுத்த வருடம் அதற்குத் தங்கப் பதக்கம். நீங்கள் டிக்ளேர் செய்யும் ஒவ்வொரு பூலியன் வேரியபிளிலும் இருப்பவர் அந்தப் பூல்தான்.

டெல்லிக் கல்லூரி ஆசிரியர் ராமச்சந்திரா விஷயம் நமக்கு இன்னும் நெருக்கம். பெரும, சிறும மதிப்புகளைக் கால்குலஸ் இல்லாமல் அல்ஜீப்ராவிலேயே கண்டுபிடிப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதி, 1850-ல் கல்கத்தாவில் சொந்தச் செலவில் அச்சடித்தார். அங்கிருந்த விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். ஒரு பிரதி லண்டனில் டி மார்கன் கைக்கு வந்தது. அவர் படித்துப் பார்த்துக் கம்பெனி இயக்குநர்களுக்கு எழுதினார். 1859-ல் அவர் எழுதிய நீண்ட முன்னுரையோடு அது லண்டனில் மறுபதிப்பு ஆனது.

எல்லாரிடமும் அவர் இவ்வளவு பொறுமை காட்டினார் என்று நினைக்காதீர்கள். பையின் மதிப்பு சரியாக மூன்றே அரைக்கால்தான் என்று லிவர்பூலில் இருந்து ஜேம்ஸ் ஸ்மித் என்பவர் கடிதம் மேல் கடிதம் போட்டார். தப்பு எங்கே என்று காட்டினாலும் கேட்க மாட்டார். இப்படிப்பட்டவர்களையெல்லாம் டி மார்கன் பத்திரிகையில் வாரிவிட்டார், அவர் மறைவுக்குப் பின் அது தனிப் புத்தகமாகவே வந்தது. ஏடாவும் தப்பான விடையோடுதான் வந்தார், ஸ்மித்தும் அப்படித்தான். வித்தியாசம் எங்கே என்று உங்களுக்கே தெரியும்.

1866-ல், தகுதியுள்ள ஒருவருக்கு அவருடைய மத நம்பிக்கையைக் காரணம் காட்டிப் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டது. மதம் பார்க்காத இடம் என்று நம்பித்தானே முப்பது வருடத்துக்கு மேல் அங்கே பாடம் நடத்தினார்? ராஜினாமா செய்துவிட்டார். அடுத்த வருடம், லண்டன் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மகன் ஜார்ஜ் இறந்தார். அதற்கப்புறம் அவர் உடம்பு தேறவில்லை. 1871 மார்ச் 18-ல் காலமானார்.

ஏடாவோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள், போய்ப் பாருங்க. பக்க எண், அவர் போட்ட கணக்கு, முட்டி நின்ற வரி எல்லாம் அப்படியே இருக்கும். ஏடாவுக்கு எழுதாமல் விட்ட அந்த ஒரு பதிலும், அம்மா பெயருக்குப் போன கடிதமாக, அதே நூலகத்தில்தான் இருக்கிறது.