காலக் கணிதர் சாமிக்கண்ணுப் பிள்ளை

மதுரையிற் பிறந்து வளர்ந்தோர்க்குப் பாண்டியர் என்னும் பெயர் தாய்ப்பாலோடு ஊட்டப்படுவது. ஆயினும், அப்பாண்டியருள் முன்னவர் யாவர், பின்னவர் யாவர், எவர் எவ்வாண்டில் முடிபுனைந்தார் என்று வினவின், நம்மிற் பெரும்பாலார் விடையறியாது விழிப்பர். சென்ற கோடை விடுமுறையில் நம் இல்லத்துச் சிறுவர் இருவர்க்குச் சரித்திரம் கற்பிக்கப் புகுந்த யாம், இவ்வறியாமையை எம்மிடத்திலேயே கண்டு நாணினோம். பாடத்தை வாயாற் சொல்லிச் செவியாற் கேட்பிப்பதினும், அவர்தம் கையாலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்தல் நலமென்று கருதி, தாள்களை ஒட்டி நீளமாக்கி, நடுவே கோடொன்று இழுத்து, நூற்றாண்டுக்கு ஒரு சாண் என்று அளந்து கொடுத்தோம். கோடு வரைதல் எளிதாயிற்று. கோட்டின்மேல் ஆண்டு குறித்தலே அரிதாயிற்று. கையிலிருந்த நூல்கள் ஒன்றோடொன்று மாறுபட்டன. கண்ணகியின் சினத்தால் மதுரை எரிந்த நிகழ்ச்சியை ஒரு நூல் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வைத்தது. மற்றொரு நூலோ கி.பி. 756ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23ஆம் நாள் வெள்ளிக்கிழமை என்று கிழமையோடு கூறிற்று. ஆறு நூற்றாண்டுகள் ஆறு சாண் அன்றோ! எவ்விடத்திற் புள்ளி வைப்பது என்று சிறுவர் எம் முகத்தை நோக்கினர்.

அவ்வெள்ளிக்கிழமையைக் கணித்துரைத்தவர் திவான் பகதூர் லூயி தொமினிக்குச் சாமிக்கண்ணுப் பிள்ளை அவர்கள். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பிள்ளையவர்கள் 1865ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 11ஆம் நாள் சென்னையில் ரோமன் கத்தோலிக்கக் குடும்பமொன்றிற் பிறந்தார். பல மொழிகளைக் கற்று, அரசாங்க ஊழியத்திற் புகுந்து, படிப்படியே உயர்ந்தார். சென்னை மாகாணக் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளராகவும், பின்னர்ச் சட்ட நிரூபண சபையின் காரியதரிசியாகவும் விளங்கினார். பகலெல்லாம் கச்சேரிக் கோப்புக்களோடு போராடிய இவருக்குப் பழங்காலத்துத் திதியும் நட்சத்திரமும் எங்ஙனம் நினைவிற்கு வந்தன என்பது வியப்பே. உத்தியோக உயர்வுகள் பலருக்கும் கிட்டுவன; அவற்றை விரித்துரைத்தல் எம் நோக்கமன்று. இவர் செய்த கணிதத்தின் அருமையை உணர வேண்டுமாயின், அக்காலத்துச் சரித்திர அறிஞர்க்கு நேர்ந்திருந்த இடுக்கணை முதலில் அறிதல் வேண்டும்.

நம் நாட்டுக் கோயிற் சுவர்களிலே சாசனங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் ஆண்டும் உண்டு. ஆனால் பிற்காலப் பாண்டியர் சாசனங்களிற் பெரும்பாலானவை சகாப்தமோ கலியப்தமோ கூறுவதில்லை. மன்னன் ஆட்சியேறிய ஆண்டு முதலாக எண்ணிய எண்ணையே கூறுகின்றன. அதிலும் இரண்டாவதின் எதிர் பதினொன்றாவது என்பது போன்ற வழக்கு வேறு. முன்னதையும் பின்னதையும் கூட்டியே உண்மையாண்டு காணல் வேண்டும். இனி, மன்னர் பெயர்களோ மயக்கம் தருவன. மாறவர்மன், சடையவர்மன் என்னும் பட்டங்கள் மாறி மாறி வரும். அவற்றைத் தொடர்ந்து சுந்தர பாண்டியன், வீர பாண்டியன், குலசேகரன், விக்கிரமன் என்னும் ஒரு சில பெயர்களே திரும்பத் திரும்ப வரும். ஒரு வீதியில் முனியாண்டி என்று கூப்பிட்டால் பத்துப்பேர் திரும்புவது போன்றதே இதுவும். போதாக்குறைக்கு, பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் குலத்தார் இருவர் மூவர் ஒரே காலத்தில் ஆண்டனர். வெனிசு நகரத்து மார்க்கோ போலோவும் இந்நாட்டை உடன்பிறந்த ஐவர் ஆண்டதாகவே எழுதி வைத்தார். ஆகவே, ஒருவர்பின் ஒருவரை வரிசையாக நிறுத்தும் முயற்சி பயனற்றுப் போயிற்று.

ஆயினும் சாசனம் பொறித்தோர் நமக்கு ஓர் உதவி செய்திருந்தனர். ஆட்சியாண்டோடு மாதம், பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றையும் பொறித்துச் சென்றனர். இவை ஒருங்கே கூடிய நாள் அடிக்கடி வருவதன்று. மாதமும் திதியும் ஆண்டுதோறும் வரும். அவற்றோடு குறித்த கிழமை கூடுதல் ஏறக்குறைய ஏழாண்டிற்கு ஒருமுறையே நிகழும். நட்சத்திரமும் ஒத்தல் வேண்டுமெனின் இன்னும் சில ஆண்டுகள் விலகும். ஒரு கல்லை மட்டும் கொண்டு முடிவு செய்தல் இயலாது. ஒரே மன்னனுடைய ஐந்தாம் ஆண்டு, ஒன்பதாம் ஆண்டு, பதினான்காம் ஆண்டுக் கற்கள் பலவற்றையும் ஒருசேர வைத்துக் கணித்து, எல்லாம் ஒரே முடிசூட்டு நாளில் வந்து சேருமாயின், அதனை நம்பலாம். செருமானிய தேசத்துக் கீல்கார்ன் என்னும் பேராசிரியர் இவ்வழியிற் பாண்டியர் காலத்தைக் கணிக்கத் தொடங்கினார். அவர் 1908ஆம் ஆண்டு காலஞ்சென்றார். யாக்கோபி என்பவரும், சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற இராபர்ட்டு சிவெல் துரையும் அப்பணியைத் தொடர்ந்தனர்.

அவர்கள் கையாண்ட கருவிகள் கடினமானவை. சிவெல் துரையும் சங்கர பாலகிருஷ்ண தீட்சிதரும் 1896இல் வெளியிட்ட இந்தியப் பஞ்சாங்க நூல் ஆண்டுக்குரிய மூலக்கணக்கைத் தந்தது. நாளுக்குரிய திதியை வாசிப்பவரே பெருக்கியும் கூட்டியும் கழித்தும் காணல் வேண்டும். ஒரு கல்லுக்கு இருபது ஆண்டுகளைச் சோதிக்க வேண்டுமாயின் இருபது முறை அவ்வுழைப்பு! பிள்ளையவர்கள் 1911இல் இந்தியக் காலக் கணிதம் பற்றிய கைந்நூலொன்று வெளியிட்டார். 1913இல், பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியரின் புதிய காலக்குறிப்புக்களைப் பற்றி ஆராய்ச்சிப் பத்திரிகையில் எழுதினார். இங்ஙனம் பலர் உழைத்ததன் பயனாகவே, முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் 1216இலும், முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் 1251இலும், மாறவர்மன் குலசேகரன் 1268இலும் ஆட்சியேறினர் என்பது நிலைபெற்றது. நீலகண்ட சாஸ்திரியார் 1929இல் எழுதிய பாண்டிய நாட்டுச் சரித்திரமும் இவ்வுழைப்பின்மேலேயே எழுந்தது.

இவற்றோடு அவர் அமைந்தாரல்லர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் கணக்கிட்டு இடர்ப்படுவானேன், எல்லா நாட்களையும் ஒருமுறையே கணித்து வைத்துவிட்டால் என்ன என்று துணிந்தார். கி.பி. 700 முதல் 1799 வரை ஆயிரத்து நூறு ஆண்டுகள். நாட்களோ நான்கு லட்சத்திற்கு மேல். நாள்தோறும் கிழமையும் ஆங்கிலத் தேதியும், திதியும் நட்சத்திரமும் முடியும் வேளையும் ஒரே வரியிற் காணுமாறு அமைத்து, 1922இல் ஏழு சம்புடங்களாகச் சென்னையிலிருந்து வெளியிடச் செய்தார். இன்று கணிப்பொறி இவற்றை இமைப்பொழுதிற் சொல்லிவிடும் என்பது உண்மையே. கருவியின்றி மனித உழைப்பாற் செய்யப்பட்ட அப்பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பவர் ஒருகணம் வாளாவிருப்பர்.

இனி அவ்வெள்ளிக்கிழமைக்கு வருவோம். அப்பெருநூலின் முதற் சம்புடத்தில், தமிழ் இலக்கியத்தின் காலத்தையும் விண்மீன்களைக் கொண்டே காண அவர் முயன்றார். பரிபாடலின் பதினோராம் பாடல் வையையிற் புதுப்புனல் வந்த காலத்துக் கோள்நிலையையும் சந்திர கிரகணத்தையும் கூறுகின்றது. அதனை அவர் 634ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் நாள் எனக் கணித்தார். அந்நாளிற் சந்திர கிரகணம் நிகழ்ந்தது மெய்யே. சிலப்பதிகாரமோ மதுரை எரியுண்ட நாளை ஆடித் திங்கள், தேய்பிறை அட்டமி, கார்த்திகை நாள், வெள்ளிக்கிழமை என்று குறிக்கின்றது. இக்குறிப்பு 756ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாளுக்குப் பொருந்தும் என்பது அவர் முடிபு.

இதனைச் சிறுவரோடு யாமும் சோதித்துப் பார்த்தோம். ஆடியில் ஞாயிறு கடகத்தில் நிற்கும். தேய்பிறை அட்டமியன்று திங்கள் ஞாயிற்றினின்று முக்கால் வட்டம் விலகி நிற்கும். ஆடித் தொடக்கத்தில் அட்டமி வரின் திங்கள் ரேவதியிலோ அசுவினியிலோ இருக்கும். கார்த்திகையோடு கூட வேண்டுமாயின் ஆடியின் கடைசிப் பத்து நாட்களுக்குள் அட்டமி வருதல் வேண்டும். பிள்ளையவர்கள் கூறிய நாள் ஆடியின் முடிவிலேயே அமைகின்றது, கிழமையும் வெள்ளியே. கணக்கிற் பிழையில்லை. ஆயினும் மூத்த சிறுவன் ஒரு வினா எழுப்பினான். கடைசிப் பத்து நாட்களில் அட்டமி வருவது மூன்றாண்டிற்கு ஒருமுறை. அது வெள்ளியாதல் ஏழிலொரு முறை. அங்ஙனமாயின் இருபது ஆண்டிற்கொருமுறை இத்தகைய நாள் வராதோ என்றான். வரும்! நூற்றாண்டிற்கு நான்கைந்து நாட்கள் வரும். எனவே எந்நூற்றாண்டில் தேடுவது என்பதை விண்மீன் கூறாது. அதனை வேறு சான்றுகளே கூறல் வேண்டும்.

வேறு சான்றுகளோ 756க்கு இசைவனவாயில்லை. கிழமையைக் குறிக்கும் வழக்கம் நம் தேசத்துச் சாசனங்களில் 484ஆம் ஆண்டிற்குரிய ஏரண் கல்வெட்டிலேயே முதன்முதற் காணப்படுகின்றது. ஆதலின் இக்கிழமைக் குறிப்பு இரண்டாம் நூற்றாண்டினதாதல் அரிது என்பது பிள்ளையவர்கள் பக்கம் வலுத்தரும் செய்தியே. மறுபுறம், எட்டாம் நூற்றாண்டிற் சோழர் புகாரில் முடிமன்னராக வீற்றிருக்கவில்லை. தொண்டை நாட்டிற் பல்லவர் ஓங்கியிருந்தனர். காப்பியமோ அப்பல்லவரைக் குறிக்கவேயில்லை. நெடுஞ்சடையன் காலத்து வேள்விக்குடிச் செப்பேடு 770ஐ ஒட்டியது. அவன் முன்னோரை விரித்துப் புகழும் அவ்வேடு, பதினைந்தாண்டிற்கு முன் தலைநகர் எரிந்ததாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. இலங்கைக் கயவாகு மன்னன் பெயரைக் கொண்டு இரண்டாம் நூற்றாண்டே என்று வாதிப்போரும், ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டென்போரும், நாட்குறிப்புப் பிற்காலத்தார் சேர்த்ததென்போரும் இன்றும் உளர். எமக்கு, கதை பழையது, காப்பியம் அதனிற் பிந்தியது என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. பாண்டியர் காலத்தை நிறுவிய அதே கணிதம் இங்கே தடுமாறியது ஏனெனில், அங்கே பல கற்கள் ஒன்றையொன்று தாங்கின. இங்கே ஒரேயொரு குறிப்புத் தனியே நின்றது. பிள்ளையவர்கள் அதனை அறியாதவரல்லர். கையில் நல்ல உளி உள்ள தச்சன் எம்மரத்தையும் செதுக்கிப் பார்க்க விரும்புதல் இயல்பு.

அவர்தம் கடைசிக் காலம் சபை நடவடிக்கைகளிற் கழிந்தது. சட்ட நிரூபண சபையின் முதல் தலைவரான சர் பி. இராசகோபாலாசாரியாருக்குப் பின், 1924இல் இவரே அச்சபைக்குத் தலைவரானார். அப்பதவியில் இருக்கும்போதே 1925ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10ஆம் நாள், அறுபதாம் வயதில், உயிர் நீத்தார். பெருநூல் வெளிவந்து மூன்றாண்டுகளே கழிந்திருந்தன.

சிறுவர் குறிப்பேட்டிற்கு ஒரு விதி செய்துகொண்டோம். கல்லே கலியாண்டோ சகாப்தமோ கூறுமாயின் மையால் எழுதுக. பல கற்களைக் கொண்டு கணித்ததாயின் மையால் எழுதி அடியில் ஒரு கோடிடுக. ஒற்றைக் குறிப்பைக் கொண்டு கூறியதாயின் எழுதுகோலால் மெல்லக் குறித்துக் கூறியவர் பெயரையும் அருகே எழுதுக. அவ்வாறே சகம் 792ஐக் கூறும் ஐவர்மலைச் சாசனத்தால் வரகுணன் ஆட்சியேறிய 862 மையேறிற்று. கலி 3874ஐக் கூறும் திருப்பரங்குன்றத்துக் கல்லும் மையேறிற்று. 1216, 1251, 1268 என்பன கோட்டோடு நின்றன. மதுரை எரிந்த நாளுக்கு 756இல் ஒரு மெல்லிய புள்ளியும், அதன் அருகே சாமிக்கண்ணுப் பிள்ளை என்னும் பெயரும், இரண்டாம் நூற்றாண்டில் மற்றொரு புள்ளியும் இடப்பட்டன. இளையவன் இரண்டிற்கும் இடையே ஒரு சிறு தீச்சுடர் வரைந்தான், யாம் தடுக்கவில்லை.

விடுமுறை முடியுமுன் ஒருநாட் காலை ஒத்தக்கடை வழியே ஆனைமலைக்குச் சென்று நரசிங்கர் குகைக் கோயிலைக் கண்டோம். பாண்டியன் அமைச்சன் மாறன் காரி அதனைக் குடைவித்த செய்தியைக் கூறும் வட்டெழுத்து எமக்குப் படிக்க வரவில்லை. ஆயினும் அக்கோயிற் சாசனத்திலுள்ள கலியாண்டு 3871 என்பதனை முன்னரே குறித்து வைத்திருந்தோம். மூத்தவன் பாறை நிழலில் அமர்ந்து, குறிப்பேட்டை முழங்காலின்மேல் வைத்து, அதிலிருந்து 3101ஐக் கழித்தான். 770 வந்தது. மைக்கூடு கொண்டுவர மறந்தோமே என்று வருந்தினான்.