முதலியார் செ. இராசநாயகம் (1870 – 1940)

மாணவர்களே,

வரலாற்றுப் பாடச் செயற்றிட்டத்துக்காக உங்கள் ஊரைப் பற்றி எழுதத் தொடங்கினால், பாட்டனார் ஒன்று சொல்வார், கோயில் வரலாறு வேறொன்று சொல்லும். எதை ஏற்பது? இதே சிக்கலை எதிர்கொண்ட ஒருவர் உங்கள் தென்மராட்சியிலேயே பிறந்திருக்கிறார்.

வாழ்க்கையும் நூல்களும்

இராசநாயகம் 1870 இல் நாவற்குழியில் பிறந்தார். சாவகச்சேரியிலிருந்து கண்டி வீதியால் யாழ்ப்பாணம் செல்லும்போது நீங்கள் கடக்கும் ஊர் அது. அரச சேவையில் பணியாற்றி முதலியார் பட்டம் பெற்றார். வரலாற்றாய்வு அவரது உத்தியோகமன்று, ஈடுபாடு. பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய அவரது ஆங்கில நூல் 1926 இலும், தமிழில் யாழ்ப்பாணச் சரித்திரம் 1933 இலும் வெளிவந்தன. 1940 இல் காலமானார்.

அவர் எதிர்நோக்கிய சவால்கள்

1. மூலாதாரம் பிந்தியது: யாழ்ப்பாண இராச்சியம் 1619 இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. அதன் வரலாற்றைக் கூறும் யாழ்ப்பாண வைபவமாலையோ, நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிந்தி, ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவரால் எழுதப்பட்டது. கதையும் வரலாறும் அதில் கலந்துள்ளன.

2. சான்றுகள் சிதறியிருந்தன: ஆகவே அவர் மகாவம்சம், சங்க இலக்கியம், மணிமேகலை, தொலமியின் குறிப்புகள், 1344 இல் இலங்கை வந்த இபன் பதூதாவின் பயணக்குறிப்பு, நாணயங்கள், கல்வெட்டுகள் ஆகியவற்றை ஒப்பிட்டார்.

3. ஊர்ப்பற்று: சொந்த மண்ணின் பழமையை எழுதுபவர் அதனை மிகைப்படுத்தவும் கூடும்.

அவரது முடிவுகளுக்கு நேர்ந்தது என்ன?

யாழ்ப்பாண அரசின் தொடக்கத்தை அவர் 13ஆம் நூற்றாண்டுக்கு வெகு முன்னே கொண்டுசென்றார். சமகாலத்தவரான சுவாமி ஞானப்பிரகாசர் அவருடன் கருத்து வேறுபட்டார். பிற்கால ஆய்வாளர் பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டையே ஏற்கின்றனர்.

மறுபுறம், நாகதீபம் என்பது யாழ்ப்பாணப் பிரதேசமே என்ற கருத்து வலுப்பெற்றது. 1936 இல் வெளிவந்த வல்லிபுரம் பொற்சாசனத்தில் நாகதீவு என்னும் பெயர் காணப்பட்டது. அவரது நூல் வெளியாகிப் பத்து ஆண்டுகளின் பின் கிடைத்த சான்று இது.

ஒரு முடிவு நின்றது, மற்றொன்று திருத்தப்பட்டது. தாம் பயன்படுத்திய சான்றுகளை அவர் குறித்துவைத்ததால்தான் பின்வந்தோரால் இரண்டையும் பரிசோதிக்க முடிந்தது. திருத்தப்படுவது ஆய்வாளனுக்கு இழுக்கன்று. சான்று காட்டாது எழுதுவதே இழுக்கு.

உங்கள் செயற்றிட்டத்துக்கு

• தகவல் தந்தவரின் வயதையும் திகதியையும் குறியுங்கள். அவர் நேரில் கண்டதா, கேள்விப்பட்டதா எனப் பிரித்தெழுதுங்கள்.
• ஒரு செய்தியை இரண்டாவது சான்றுடன் ஒப்பிடுங்கள்.
• உங்கள் ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள்.
• முரண்பட்ட தகவலை மறைக்காதீர்கள்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அரிய ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. 2000 இல் தென்மராட்சி மக்கள் இடம்பெயர்ந்து, சாவகச்சேரி நகரம் அழிவுற்றபோது, வீடுகளிலிருந்த உறுதிகளும் படங்களும் பல தொலைந்தன. எஞ்சியிருப்பது பெரியோரின் நினைவு. அதுவும் என்றென்றும் இராது. ஆகவே கொப்பியை எடுத்துக்கொண்டு இந்த விடுமுறையிலேயே அவர்களிடம் செல்லுங்கள்.

பயிற்சி

1. யாழ்ப்பாண வைபவமாலையை மட்டும் நம்பி வரலாறு எழுத முடியாமைக்கு ஒரு காரணம் தருக.
2. புதிய தொல்லியல் சான்று பழைய கருத்தை வலுப்படுத்தியமைக்கு ஓர் உதாரணம் தருக.