கேம்பிரிட்ஜில் ஒரு சாப்பாட்டு வேளை

திருமலைராயன்பட்டினத்திலிருந்து பிரான்சுக்குப் போய்த் தங்கிவிட்ட பழைய மாணவர்கள் நம்மில் பலர் உண்டு. லீவில் ஊருக்கு வரும்போது அவர்கள் வாய்விட்டுப் பேசுவது வேலையையோ சம்பளத்தையோ பற்றி அல்ல. ஞாயிற்றுக்கிழமை யார் அறையில் ரசம் வைத்தோம், யார் யார் சாப்பிட வந்தார்கள் என்பதைத்தான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கணிதமேதை ராமானுஜன் நினைவுக்கு வருவார். அவரும் நம்ம காவேரிக் கரைக்காரர்தானே! கும்பகோணத்தை ஒட்டி ஓடும் அரசலாறு நம் காரைக்காலில் வந்துதான் கடலில் கலக்கிறது.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கல்லூரியில் கணக்கைத் தவிர எதிலும் கவனம் செல்லாமல் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னையில் எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. (இந்நாள் மாணவர்கள் இதை மட்டும் பின்பற்ற வேண்டாம்!) துறைமுகக் கணக்கராக இருந்தபோது 1913-ல் ஹார்டிக்கு எழுதிய கடிதமும், 1914 மார்ச்சில் கப்பலேறியதும் எல்லோரும் அறிந்த கதை.

ராமானுஜனின் கேம்பிரிட்ஜ் வாழ்க்கை என்றால் எல்லோரும் ஹார்டியைத்தான் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் டிரினிட்டி கல்லூரியில் அவர் தங்கியிருந்த அறைக்குள் நடந்ததைத் தெரிந்துகொள்ள, கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு வங்காளி இளைஞரைத்தான் கேட்க வேண்டும். அவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். ஒருவர் தமிழ், ஒருவர் வங்காளம். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலமும் கணக்கும்.

குளிர் தொடங்கிய சமயம். ராமானுஜன் கணப்பின் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார். ராத்திரியில் குளிர் தாங்குகிறதா என்று மகலனோபிஸ் விசாரித்தால், ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிப் படுக்கிறாராம்! படுக்கை அறைக்குள் போய்ப் பார்த்தார் நண்பர். கம்பளிகள் நிறையவே இருந்தன. ஆனால் அங்கத்திய வழக்கப்படி அவற்றை விரிப்புக்கு அடியில் இறுக்கிச் செருகி வைத்திருந்தார்கள். அதை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது நம்ம ஊர் மனுஷருக்கு எப்படித் தெரியும்? கம்பளிகளைப் பிரித்து, எப்படிப் படுப்பது என்று மகலனோபிஸ் காட்டிக் கொடுத்தார். ராமானுஜன் நெகிழ்ந்துபோனார். எண்களின் உள்ளறைக்குள் எல்லாம் போய்வந்தவருக்குக் கட்டிலுக்குள் போகும் வழியைச் சொல்ல ஒரு சிநேகிதர் வேண்டியிருந்தது.

இன்னொரு நாள் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். முதல் உலகப் போர் ஆரம்பித்திருந்த காலம். ராமானுஜன் சுத்த சைவம். கல்லூரிச் சாப்பாட்டைத் தொடமாட்டார், சமையல் எல்லாம் அவர் கையால்தான். அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் மேஜையருகே உட்கார்ந்து 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையைப் புரட்டினார். அதில் ஒரு புதிர்.

ஒரு நீளமான தெரு. வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கத்து எண்களைக் கூட்டினாலும் வலப்பக்கத்து எண்களைக் கூட்டினாலும் ஒரே தொகை. தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள். அந்த வீட்டின் எண் என்ன? மகலனோபிஸ் போட்டுப் பார்த்துச் சில நிமிஷத்தில் விடையைப் பிடித்துவிட்டார்: 288 வீடுகள், வீட்டு எண் 204. உற்சாகமாகப் புதிரை ராமானுஜனிடம் சொன்னார். கிண்டுவதை நிறுத்தாமலே, எழுதிக்கொள்ளச் சொல்லி ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார் ராமானுஜன். அது 204-க்கு மட்டுமல்ல. 8 வீட்டுத் தெருவில் 6, 49 வீட்டுத் தெருவில் 35 என்று முடிவே இல்லாமல் எல்லா விடைகளையும் தருவது. எப்படி என்று நண்பர் திகைக்க, கேட்டதுமே விடை ஒரு தொடர் பின்னம்தான் என்று தெரிந்தது, எந்தப் பின்னம் என்று யோசித்தேன், வந்துவிட்டது என்றாராம்.

1915-ல் தேர்வு முடிந்து மகலனோபிஸ் இந்தியா வந்தார். வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். ராமானுஜனுக்கு வேறு நண்பர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் மனசு எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. விருந்துக்கு வந்த பெண்கள் மூன்றாவது முறை ரசம் வேண்டாம் என்று சொல்ல, அவமானமாக எடுத்துக்கொண்டு வெளியே போனவர் திரும்பவே இல்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது. சிரிக்கத் தோன்றும். ஆனால் பரதேசத்தில் தன் கையால் பொங்கிப் போட்டவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

1917-ல் நோயில் விழுந்தார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் என்ற பெருமை வந்தது. 1919 மார்ச்சில் மெலிந்த உடம்போடு ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

மகலனோபிஸ் 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவினார். நாட்டின் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு வழி வகுத்தார். 1972 வரை வாழ்ந்தார். பல பத்தாண்டுகள் கழித்து அந்தச் சாப்பாட்டு வேளையை அவர் நினைவுகூர்ந்தபோது புதிரின் விவரமே அவருக்கு மறந்துபோயிருந்தது. 1914 டிசம்பர் இதழில் வந்த புதிர் அது என்று பின்னால் வந்தவர்கள்தான் தேடிக் கண்டுபிடித்தார்கள். ராமானுஜன் அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்தது மட்டும் அவருக்கு மறக்கவில்லை.